சர்வேயர் எழுதுவதற்கு முன்னால் நீங்கள் எழுதுங்கள்: வெள்ளம் புகுந்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் பணம் வாங்குவது எப்படி

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. வேளச்சேரிக்கும் பள்ளிக்கரணைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்றரை அடி தண்ணீர். இரண்டரை நாள் நின்றது. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. நாங்கள் மாடி வீட்டுக்காரர்களின் வீட்டில் போய் உட்கார்ந்து, கீழே எங்கள் ஃபிரிட்ஜ் மல்லாந்து மிதந்து சுவரில் முட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதுகிறவள். ஒரு ரூபாய் இடித்தாலும் எனக்குத் தூக்கம் வராது. அந்தப் புத்திதான் கைகொடுத்தது. நாங்கள் கேட்டது 3,98,700 ரூபாய். சர்வேயர், அதாவது சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்புகிறவர், முதலில் போட்டது 1,61,900. கடைசியில் வந்தது 2,94,500. நடுவில் ஐந்து மாதம். எங்கே எவ்வளவு பிடித்தார்கள், எதைக் காட்டியபோது விட்டார்கள் என்று எழுதி வைத்தால் அடுத்த மழைக்கு யாருக்காவது ஆகும்.

முதலில் பாலிசியை எடுத்துப் படியுங்கள். எங்களுடையது வீட்டுக்கடனோடு சேர்ந்து வந்தது. கையெழுத்துப் போட்ட நூறு பேப்பரில் அதுவும் ஒன்று. ஏஜெண்ட் தம்பிக்குப் போன் செய்தால், "அக்கா, அது பில்டிங்குக்கு மட்டும்தான், சாமானுக்கு வராது" என்றான். நானும் இரண்டு நாள் அதையே நம்பினேன். பிறகு மெயிலில் இருந்த ஷெட்யூலை, அதாவது எதற்கு எவ்வளவு காப்பீடு என்று போட்டிருக்கும் பாலிசித் தாளை, திறந்து பார்த்தால், இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் வீட்டுப் பொருட்கள் 4,80,000 என்று இருக்கிறது.

அந்தக் கணக்கு இப்படி வருகிறது. 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வீடுகளுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியைக் கொடுக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதி வைத்தது. புயல், வெள்ளம், தண்ணீர் தேங்குதல் எல்லாம் அதிலேயே அடக்கம். கட்டடம், பொருள் இரண்டும் சேர்த்து எடுத்திருந்தால், கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, பொருட்களுக்குத் தானாகவே உண்டு. பட்டியல் எதுவும் முன்கூட்டிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் கட்டடத்துக்கு 24 லட்சம். அதில் 20 சதவீதம் 4,80,000. கட்டடத்துக்கு மட்டும் எடுத்திருந்தால் இது கிடையாது. அதனால் ஏஜெண்ட் சொல்வதை விட்டுவிட்டு ஷெட்யூலைப் பாருங்கள்.

இந்தப் பாலிசியில் இன்னொரு நல்ல விஷயம், குறைவாக இன்சூர் செய்திருந்தாலும் அதைக் காட்டி வெட்ட மாட்டார்கள். வேறு வகைப் பாலிசிகளில் அப்படி இல்லை. திரும்பக் கட்ட 36 லட்சம் ஆகும் வீட்டை 18 லட்சத்துக்குப் போட்டிருந்தால், 2 லட்சம் நஷ்டத்துக்கு 1 லட்சம்தான் கொடுப்பார்கள். உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். சர்வேயர் பழைய பழக்கத்தில் அந்த வெட்டைப் போட்டால் நீங்கள்தான் சுட்டிக்காட்ட வேண்டும்.

"கட்டடம்" என்றால் நான்கு சுவர் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். காம்பவுண்டுச் சுவர், கேட், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, சோலார் பேனல் எல்லாம் அதில் சேரும். எங்கள் காம்பவுண்டில் 14 அடி சரிந்திருந்தது. நான் கேட்டிருக்காவிட்டால் அது யார் கணக்கிலும் வந்திருக்காது.

தண்ணீர் வடிந்த அன்று

துடைப்பத்தைத் தொடுவதற்கு முன்னால் போனை எடுங்கள். இது சொல்ல எளிது, செய்யக் கஷ்டம். சேறும் சாக்கடை நாற்றமும் நிற்கவிடாது. என் வீட்டுக்காரர் பக்கெட்டோடு நின்று கத்திக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு அறையாக வீடியோ எடுத்தேன். சுவரில் தண்ணீர் நின்ற கறை மேல் பென்சிலால் கோடு போட்டு, தச்சரின் டேப்பை நிறுத்தி, எண் தெரியும்படி படம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர், மோட்டார் ஒவ்வொன்றிலும் மாடல் எண், சீரியல் எண் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத் துடைத்துப் படம். சர்வேயர் வந்தது ஒன்பது நாள் கழித்து. அதற்குள் நாங்கள் சுவரைக் கழுவியிருந்தோம். அவர் பார்த்துவிட்டு "ரெண்டடி இருந்திருக்குமா மேடம்?" என்றார். டேப் படத்தைக் காட்டினேன். மறு பேச்சு இல்லை.

நனைந்த எந்த மின் சாமானையும் போட்டுப் பார்க்காதீர்கள். எதிர் வீட்டு அண்ணன் ஃபிரிட்ஜை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து பிளக்கைச் சொருகினார். டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வந்த மெக்கானிக் ஜாப் ஷீட்டில் 'ஷார்ட் சர்க்யூட்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மின் சாதனத்தில் ஷார்ட் சர்க்யூட்டால் வரும் சேதம் பாலிசியில் விலக்கு. வெள்ளத்தில் போன ஃபிரிட்ஜ், ஒரு வார்த்தையால் ஷார்ட் சர்க்யூட்டில் போன ஃபிரிட்ஜ் ஆகிவிட்டது. அதற்கு அவருக்குக் காலணா வரவில்லை. நான் மெக்கானிக்கைக் கூட்டிவந்தபோது பக்கத்திலேயே நின்றேன். 'வெள்ள நீரில் மூழ்கியதால் கம்ப்ரஸரும் வயரிங்கும் பழுது, சரிசெய்வது கட்டுப்படியாகாது' என்று எழுதி வாங்கினேன். நடந்ததும் அதுதான். பார்த்துச் சொல்ல 350 ரூபாய் வாங்கினார். அந்த ரசீதையும் வைத்துக்கொண்டேன். வண்டிக்கும் இதே புத்தி. ஆனால் வண்டி இந்தப் பாலிசியில் வராது, அதன் பாலிசியில் தனியாகக் கேட்க வேண்டும்.

சிக்னல் வந்த உடனே கிளெய்ம் சொல்லிவிடுங்கள். டோல் ஃப்ரீயில் சொன்னால் மட்டும் போதாது. கிளெய்ம் நம்பர் வாங்கி, அதே நம்பரைப் போட்டு அன்றைக்கே மெயிலும் அனுப்புங்கள். 'என்று சொன்னீர்கள்' என்ற கேள்வி பின்னால் வரும்போது மெயிலின் தேதிதான் பேசும். கிளெய்ம் படிவத்துக்கு எங்கள் பாலிசியில் 30 நாள் கெடு இருந்தது.

மூன்றாம் நாள் தெருவில் காயலான் கடை வண்டி சுற்ற ஆரம்பித்துவிடும். கார்ப்பரேஷன் லாரியும் வரும். சர்வேயர் பார்க்காமல் எதையும் கொடுக்காதீர்கள். மெத்தை மட்டும் எங்களால் வைத்திருக்க முடியவில்லை, புழு வைத்துவிட்டது. "நாற்றத்தால் நாளை மாலை மெத்தைகளை அப்புறப்படுத்துகிறோம், பார்க்க வேண்டுமானால் அதற்குள் வரவும்" என்று படங்களோடு மெயில் போட்டேன். யாரும் வரவில்லை. மெத்தையின் கம்பெனி லேபிளை மட்டும் கத்தரித்து எடுத்து வைத்தேன். அந்த மெயில் இருந்ததால் மெத்தைக்குப் பணம் வந்தது.

ரேஷன் கடையில் அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணத்தை வாங்கினால் இன்சூரன்ஸ் கிடைக்காது என்று எங்கள் தெருவில் ஒரு புரளி. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் அந்த டோக்கனின் படத்தையும் நான் கிளெய்மோடு வைத்தேன், எங்கள் பகுதி பாதிக்கப்பட்டதற்குச் சாட்சியாக.

பட்டியல்

சர்வேயர் கையில் ஒரு காலிப் படிவம் இருக்கும். உங்களிடம் பட்டியல் இல்லையென்றால் அவர் கண்ணில் பட்டதை, அவருக்குத் தோன்றிய விலையில் எழுதிக்கொண்டு போவார். அவரைக் குறை சொல்லவில்லை. அன்றைக்கு எங்கள் வீடு அவருக்குப் பதினோராவது வீடாம். அதனால் அவர் வருவதற்கு முன் நாம் எழுதி வைத்துவிட வேண்டும். நான் அறை வாரியாக எழுதினேன்: பொருள், வாங்கிய வருடம், அப்போதைய விலை, அதே மாதிரி இன்று வாங்கினால் என்ன விலை, ஆதாரம் எது, எந்தப் படம். மொத்தம் 64 வரி. இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் அவரிடம் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கினேன்.

பில் எல்லாம் தண்ணீரில் போய்விட்டதே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பில் ஒன்றுதான் ஆதாரம் என்று யார் சொன்னது? பேங்க் ஸ்டேட்மெண்ட், இஎம்ஐ கட்டிய குறுஞ்செய்தி, ஆன்லைனில் வாங்கியிருந்தால் பழைய ஆர்டர், கடைக்காரரிடம் நம் போன் நம்பரைச் சொன்னால் எடுத்துத் தரும் நகல். என் பரண் மேல் வருடா வருடம் எழுதிய வரவு செலவு நோட்டுகள் இருந்தன. 2017இல் ஃபிரிட்ஜ் 27,800 என்று என் கையெழுத்தில் இருந்ததைச் சர்வேயர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

பீரோவின் கீழ்த்தட்டில் ஒன்பது பட்டுப்புடவை. சாயம் இறங்கி, ஜரிகை கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. பட்டுக்கு யார் பில் வைத்திருக்கிறார்கள்? கல்யாண, சீமந்தப் படங்களைப் போனில் தேடி, எந்தப் புடவை எந்த விசேஷத்தில் என்று ஏழு புடவைக்கு ஜோடி சேர்த்தேன்: இடப்பக்கம் நான் கட்டிக்கொண்டு நிற்கும் படம், வலப்பக்கம் நனைந்த புடவை. ஏழுக்கும் ஒத்துக்கொண்டார். மீதி இரண்டுக்குப் படம் கிடைக்கவில்லை, பணமும் கிடைக்கவில்லை.

இல்லாததை எழுதாதீர்கள். தேக்குக் கட்டில் நனைந்தது, ஆனால் காய்ந்ததும் நன்றாகத்தான் இருந்தது. அதை நானே பட்டியலில் அடித்துவிட்டு 'சேதமில்லை' என்று எழுதினேன். ஒரு பொய் பிடிபட்டால் மொத்தக் கிளெய்மையும் மறுக்கப் பாலிசியில் இடம் இருக்கிறது. பணம், நகைக்கடைச் சீட்டு, பத்திரம், காசோலை இவையும் சாதாரணப் பாலிசியில் வராது.

கட்டட வேலைக்குக் கொத்தனாரின் எஸ்டிமேட்டை 'மராமத்து 1 லட்சம்' என்று ஒரே வரியாக வாங்காதீர்கள். எந்தச் சுவர், எத்தனை சதுர அடி, சதுர அடிக்கு என்ன ரேட் என்று பிரித்து வாங்குங்கள். எங்கள் கொத்தனாரிடம் ஜிஎஸ்டி பில் கிடையாது. வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்தும் போன் நம்பரும் போட்டுக் கொடுத்தார். பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். கட்டடத்துக்குப் பெரும்பாலும் நாம் செலவு செய்து பில் காட்டிய பிறகுதான் தருவார்கள் என்பதால், கையில் கொடுக்காமல் கணக்கு வழியாகக் கொடுப்பது நல்லது. சேறும் இடிபாடும் அள்ளிய கூலிக்குக் கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை தனியாக உண்டு. வீட்டில் இருக்க முடியாமல் வாடகைக்குப் போயிருந்தால் அந்த வாடகையும் கேட்கலாம். நாங்கள் தங்கை வீட்டில் பன்னிரண்டு நாள் சாப்பிட்டுத் தூங்கினோம், அதற்கு என்ன பில்?

முதல் தொகை வந்ததும்

1,61,900 என்று மெயில் வந்தபோது என் வீட்டுக்காரர், "வந்த வரைக்கும் லாபம், கையெழுத்துப் போட்டுடு" என்றார். நான் சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டேன். கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்காதவர்களுக்கு யாரும் தானாக அனுப்புவதில்லை. வந்ததும் என் 64 வரிப் பட்டியலுக்குப் பக்கத்தில் அவர் போட்ட எண்ணை எழுதிக்கொண்டே போனேன். மொத்தத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். வரி வரியாகப் பார்த்தால் வெட்டு நாலைந்து காரணத்தில்தான் இருக்கும்.

ஃபிரிட்ஜ்: 27,800இல் 60 சதவீதம் தேய்மானம் கழித்து 11,120; அதில் பழைய சாமான் மதிப்பு 1,500 கழித்து 9,620. ஆனால் பாலிசியில் இருந்தது, பழுதுபார்க்கும் செலவு அல்லது அதே மாதிரி இன்னொன்று வாங்கும் செலவு. தேய்மானம் என்ற சொல்லே அங்கே இல்லை. அதே கொள்ளளவுக்கு அன்றைய கடை விலை 31,500. பழைய சாமான் மதிப்பைக் கழிப்பது நியாயம், அதை விட்டேன். எனக்கு வர வேண்டியது 30,000.

பெயிண்ட்: கதவு இடைவெளி போக மூன்று அறைச் சுவரின் நீளம் 120 அடி. அவர் தண்ணீர் நின்ற மூன்றரை அடிக்கு மட்டும் 420 சதுர அடி போட்டு, 32 ரூபாய் வீதம் 13,440 என்று முடித்துவிட்டார். சுவரில் கீழே புது பெயிண்ட், மேலே பழையது என்று யாராவது அடிப்பார்களா? அது மட்டுமில்லை, மூன்று வாரத்தில் ஈரம் மேலே ஏறி ஆறடி வரைக்கும் உப்புப் பூத்துவிட்டது. ஜனவரியில் மறுபடி டேப் வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். முழு உயரம் பத்தடிக்கு 1,200 சதுர அடி, 38,400. சுவருக்கு ஒத்துக்கொண்டார்கள், சீலிங்குக்கு மறுத்தார்கள். சீலிங் நனையவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

நான் எழுதிய மெயில் இந்த அளவுதான்:

"ஐயா, கிளெய்ம் எண் இன்னது. சர்வே அறிக்கையில் கீழ்க்கண்ட 19 வரிகளை நான் ஏற்கவில்லை. வரி 7, ஃபிரிட்ஜ்: தேய்மானம் கழிக்கப் பாலிசியின் எந்தப் பிரிவு இடம் தருகிறது என்று தெரிவிக்கவும். அதே கொள்ளளவுக்கான இன்றைய விலைப்பட்டியல் இணைப்பு 3. வரி 22, சுவர்: ஈரம் ஏறிய படங்கள் இணைப்பு 5. ஏற்றுக்கொண்ட வரிகளுக்கான தொகையை உடனே வழங்கி, மீதியை மறுபரிசீலனை செய்யவும்."

கோபம் வேண்டாம், 'மன உளைச்சல்' வேண்டாம், பத்திரிகைக்குப் போவேன் என்றும் வேண்டாம். 'எந்தப் பிரிவு' என்ற ஒரு கேள்வி போதும். அதற்குப் பதில் எழுத வேண்டியவர் பாலிசியைத் திறந்தாக வேண்டும். சர்வேயர் போட்டதுதான் முடிவு என்று வாடிக்கையாளர் சேவையில் சொன்னார்கள். சர்வே அறிக்கை கடைசி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009இல் நியூ இந்தியா அஷூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. இரண்டாவது மெயிலில் அந்த ஒரு வரியைச் சேர்த்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கே அனுப்பினேன். மறுபரிசீலனை அதற்குப் பிறகுதான் நகர்ந்தது.

இப்போது கேட்பவர்கள் விஷயத்தில் நிறுவனத்துக்குக் கெடு இன்னும் இறுக்கம். 2024 ஜூனில் வந்த ஐஆர்டிஏஐ சுற்றறிக்கைப்படி கிளெய்ம் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை வர வேண்டும், அதிலிருந்து 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். ஆவணம் இல்லை என்பதற்காக மட்டும் கிளெய்மை மறுக்கவும் கூடாது. தேதிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, தவறும் அன்றைக்கே மெயில் போடுங்கள்.

நிறுவனம் அசையாவிட்டால் ஐஆர்டிஏஐயின் உதவி எண் 155255க்குப் போன் செய்யலாம், அதன் 'பீமா பரோசா' இணையதளத்தில் புகார் பதியலாம். நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரி. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவும் கூடாது. 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்லலாம். நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடம் வரை நேரம் உண்டு, ஆனால் அங்கே வழக்குப் போட்ட பிறகு ஆம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார். அதனால் முதலில் தேனாம்பேட்டை.

கடைசிப் பேப்பர் டிஸ்சார்ஜ் வவுச்சர். 'முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்' என்று அச்சடித்திருக்கும். தொகையில் சம்மதம் இல்லாவிட்டால் அதன் மேலேயே 'ஆட்சேபத்துடன் பெறுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதே நாள் மெயிலும் அனுப்புங்கள். இந்த வவுச்சரைக் காட்டி வாடிக்கையாளர் மேலே போகும் உரிமையைத் தடுக்கக் கூடாது என்று ஐஆர்டிஏஐ 2015லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனால் வெறுமனே கையெழுத்துப் போட்டுவிட்டால், கட்டாயத்தில் போட்டேன் என்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில்.

கடன் பாக்கி இருக்கிறவர்களுக்கு ஒன்று. பாலிசியில் பேங்க் பெயர் இருந்தால் கட்டடத்துக்கான பணம் நேரே கடன் கணக்குக்குப் போகும். எங்களுக்கும் போகப் பார்த்தது; கொத்தனாருக்கு நான் யார் பணத்தைக் கொடுப்பது? மராமத்துக்குச் செலவான பில்களைக் காட்டி, பணத்தை எங்கள் சேமிப்புக் கணக்குக்கே அனுப்பத் தடையில்லை என்று கிளை மேலாளரிடம் கடிதம் வாங்க மூன்று முறை நடந்தேன். கிளெய்ம் போட்ட முதல் வாரத்திலேயே அந்தக் கடிதத்தைக் கேட்டு வைத்திருந்தால் கடைசி ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.